பாறை முழுக்க முடிப்பாசி, ஆனா நைட்ரேட், பாஸ்பேட் ரெண்டும் குறைவுதான்: எங்கே தப்பு?

கேள்வி

வணக்கம். 200 லிட்டர் கடல்நீர் டேங்க், ஆரம்பிச்சு அஞ்சு மாசம் ஆச்சு. உலர்ந்த பாறை 22 கிலோ. ரெண்டு கிளவுன் மீன், ஒரு ராயல் கிராமா மீன், கொஞ்சம் சாஃப்ட் கோரல் (மென்பவளம்). ஆறு வாரமா பாறை மேல பச்சை முடி மாதிரி பாசி, சில இடத்துல விரல் நீளத்துக்கு வளர்ந்திருக்கு. நைட்ரேட் 2 பிபிஎம் (லிட்டருக்கு 2 மில்லிகிராம்), பாஸ்பேட் 0.02. லைட் 11 மணி நேரம். வாரம் 20 லிட்டர் தண்ணி மாத்துறேன். மூணு நாள் டேங்கை மூடி இருட்டாக்கியும் பார்த்தாச்சு, குறைஞ்ச மாதிரி இருந்து திரும்ப வந்துடுச்சு. ரீடிங் இவ்வளவு குறைவா இருக்கிறப்போ இது எதைத் தின்னு வளருது? ஜிஎஃப்ஓ (பாஸ்பேட்டை உறிஞ்சுற இரும்பு ஆக்சைடு துகள்) போடலாமா?

பதில் 1

அந்த 0.02ஐ நம்பி முடிவெடுக்காதீர்கள். கையடக்க கலரிமீட்டர்களில் (நிறத்தை வைத்து அளக்கும் கருவி) பிழை வரம்பே 0.02 முதல் 0.04 பிபிஎம் வரை இருக்கும். அதைவிட முக்கியமான விஷயம், டெஸ்ட் கிட் காட்டுவது தண்ணீரில் மிச்சம் கிடப்பதை மட்டும்தான். பாசி உறிஞ்சிக்கொண்டது அந்தக் கணக்கிலேயே வராது. உலர்ந்த பாறை கால்சியம் கார்பனேட். பாஸ்பேட்டைப் பிடித்து வைத்துக்கொண்டு, தண்ணீரில் அளவு குறையக் குறைய மெல்ல விடும். பாறையை ஒட்டியே வளரும் பாசிக்கு அது போதும்.

இருட்டடிப்பு ஏன் பலிக்கவில்லை என்பதும் இதே கதைதான். செத்த பாசி உள்ளேயே அழுகி, எடுத்ததைத் திருப்பித் தந்துவிட்டது.

ஆகவே முதல் வேலை கை வேலை. தண்ணீர் மாற்றும் அன்றைக்கே செய்யுங்கள். பவர்ஹெட் (டேங்குக்குள் நீரோட்டம் தரும் பம்ப்), ரிட்டர்ன் பம்ப் இரண்டையும் நிறுத்துங்கள், இல்லாவிட்டால் பிய்த்த இழை டேங்க் முழுக்கப் பரவும். அடியோடு பிடித்து இழுங்கள். ஒட்டி நிற்பதை, பல்துலக்கும் பிரஷ்ஷைக் கட்டிய மெல்லிய குழாயால் தேய்த்தபடியே சைபன் பண்ணுங்கள், தேய்க்கும்போதே உறிஞ்சிவிடும். கழற்றக்கூடிய பாறையை வாளியில் எடுத்த பழைய டேங்க் தண்ணீரில் வைத்துத் தேய்த்தால் இன்னும் சுத்தம். பிடிவாதமான திட்டு இருந்தால், பாறையை வெளியே வைத்துக்கொண்டு 3% ஹைட்ரஜன் பெராக்சைடை அந்த இடத்தில் மட்டும் சிரிஞ்சால் விட்டு, இரண்டு மூன்று நிமிடம் நுரைக்க விட்டு, உப்புத் தண்ணீரில் அலசித் திரும்ப வையுங்கள். கோரல் மேல் படக்கூடாது. டேங்கில் கிளீனர் ஷ்ரிம்ப் இருந்தால் அலசுவதில் சோம்பல் வேண்டாம், அதற்குப் பெராக்சைடு ஆகவே ஆகாது.

வாரம் ஒரு முறை, குறைந்தது ஆறு வாரம். லைட்டை 8 மணி நேரமாக்குங்கள்.

பதில் 2

ஆவியாகிற தண்ணிக்குப் பதிலா எதை ஊத்துறீங்கன்னு சொல்லவே இல்லையே? பாதிப் பிரச்சினை அங்கதான் இருக்கும். ஒரு நாளைக்கு 3 லிட்டர்னு வெச்சா மாசம் 90 லிட்டர். அதுல 5 பிபிஎம் நைட்ரேட் இருந்தா 450 மில்லிகிராம் உள்ளே போகுது. 200 லிட்டர்ல அது 2 பிபிஎம்முக்கு மேல. தண்ணி மட்டும்தான் ஆவியாகும், மத்ததெல்லாம் உள்ளேயே தங்கும். வெறும் ஆர்ஓ பத்தாது, பின்னாடி டிஐ ரெசின் (மிச்சமிருக்கிற அயனிகளைப் பிடிச்சுக்கிற மணிகள்) வேணும், டிடிஎஸ் மீட்டர் (தண்ணில கரைஞ்சிருக்கிறதை அளக்கிற கருவி) 0 காட்டணும். 1, 2ன்னு ஏற ஆரம்பிச்சதுமே ரெசினை மாத்திடுங்க.

உறைஞ்ச தீவனத்தை வலைவடியில போட்டு உருக வெச்சு, அந்தச் சாறைக் கொட்டிட்டுக் கொடுங்க.

நத்தை விடுறதா இருந்தா பாசியை ஒரு சென்டிமீட்டருக்குள்ள குறைச்சுட்டு விடுங்க. நீளமான இழையைப் பெரும்பாலும் தொடாது. டர்போங்கிற நத்தை நல்லாத் தின்னும், ஆனா ஒட்டாத கோரலை எல்லாம் தள்ளிவிடும். ஆஸ்ட்ரியா நத்தை மணல்ல மல்லாந்து விழுந்தா தானா நிமிர முடியாம செத்துப்போகும், ட்ரோகஸ் நத்தை நிமிர்ந்துக்கும். இந்த அளவு டேங்குக்கு ஆறு ட்ரோகஸ்ல ஆரம்பிங்க. உப்பு அளவு சட்டுன்னு மாறினா தாங்காது, சொட்டுச் சொட்டா ஒரு மணி நேரமாவது பழக்குங்க.

பதில் 3

ஜிஎஃப்ஓ கேள்விக்கு: இப்போது வேண்டாம். முழு அளவு போட்டால் பாஸ்பேட் பூஜ்யத்துக்குப் போகும், டைனோ (டைனோஃப்ளாஜெல்லேட் என்ற நுண்ணுயிர்) வரும். முடிப்பாசியாவது கையால் பிடுங்க வருகிறது. டைனோ பழுப்புச் சளி மாதிரி, நுனியில் காற்றுக்குமிழோடு தொங்கும், தின்ற நத்தையையே கொல்லக்கூடியது. நைட்ரேட் 5, பாஸ்பேட் 0.05 சுற்றுவட்டாரத்தில் நிற்கட்டும். பாசியை எடுத்த பிறகு பாஸ்பேட் 0.1ஐத் தாண்டினால் மட்டும், பாக்கெட்டில் சொன்னதில் கால் பங்கு போட்டு இரண்டு நாளுக்கு ஒரு முறை டெஸ்ட் செய்யுங்கள்.

இன்னொன்று. ஒரு இழையை வெள்ளைத் தட்டில் தண்ணீர் விட்டு விரித்து, லென்ஸில் பாருங்கள். வெறும் நூலாக இருக்கிறதா, நடுத்தண்டும் இருபுறமும் கிளையுமாகக் கோழி இறகு மாதிரி இருக்கிறதா?

கேட்டவர்

ஆர்ஓ மட்டும்தான் ஊத்திட்டிருந்தேன், டிடிஎஸ் 14. தட்டுல போட்டுப் பார்த்தேன்: நிறைய நூல்தான், பின்பக்கப் பாறையில மட்டும் இறகு மாதிரி இருக்கு.

பதில் 3

அந்தப் பாறையில் இருப்பது பிரையோப்சிஸ் என்ற இறகு மாதிரியான பச்சைப் பாசி. துண்டு துண்டாகப் பிய்ந்தாலும் ஒவ்வொன்றும் முளைக்கும், டேங்குக்குள் வைத்துத் தேய்க்காதீர்கள். அந்த ஒரு பாறையை வெளியே எடுத்துப் பெராக்சைடு வைத்தியம் செய்யுங்கள். மற்ற பாறைக்கும் பரவினால்தான் ஃப்ளூகோனசோல் (பூஞ்சைக்கான மருந்து): லிட்டருக்குச் சுமார் 5 மில்லிகிராம், பாறை, மணல் கழித்த நிஜத் தண்ணீர் அளவுக்கு. மருந்தை உறிஞ்சிவிடும் ஆக்டிவேட்டட் கார்பனை ஃபில்டரிலிருந்து எடுத்துவிட்டு இரண்டு வாரம் விடுங்கள். சாதா முடிப்பாசிக்கு அதை நம்ப முடியாது. முதலில் டிஐ ரெசினை மாட்டுங்கள்.