ஐந்தாம் வகுப்பில் கணக்குப் பதற்றமும் ஆசிரியர் உறவும்: அளவுகோல் எங்கே பிசகுகிறது?

சுண்ணக்கட்டி கேட்டது:

எம்.எட். ஆய்வேட்டுக்கான கேள்வி. தமிழ்வழி ஐந்தாம் வகுப்பு. 13 வகுப்புகள், வகுப்புக்கு ஏறத்தாழ 30 பேர், மொத்தம் 390 மாணவர்கள். கணக்குப் பாடத்தில் வரும் பதற்றத்துக்கும், வகுப்பாசிரியரோடு குழந்தைக்கு உள்ள உறவுக்கும் தொடர்பு இருக்கிறதா என்று பார்க்க வேண்டும்.

பதற்றத்துக்கு 12 கூற்றுகள் தயாரித்திருக்கிறேன். 8 நேர்க்கூற்று, 4 எதிர்மறை ("கணக்குத் தேர்வு என்றால் பயம் இல்லை" என்பது போல). "முற்றிலும் உடன்படுகிறேன்" தொடங்கி "முற்றிலும் மறுக்கிறேன்" வரை ஐந்து புள்ளி. 40 பேரிடம் முன்னோட்டம் பார்த்ததில் கிரான்பாக் ஆல்ஃபா (கூற்றுகள் ஒன்றோடொன்று எவ்வளவு ஒத்துப்போகின்றன என்று காட்டும் எண்) 0.52 வந்தது. கூற்றுகளை ஒவ்வொன்றாக நீக்கி 0.70-ஐத் தாண்ட வைக்கலாம் என்பது யோசனை. இது சரியான வழியா? உறவைப் பற்றி யாரிடம் கேட்பது, ஆசிரியரிடமா, குழந்தையிடமா? ஆண், பெண் வேறுபாட்டையும் ஒப்பிட வேண்டும்.

தராசுமுள் பதில்:

இப்போதைக்கு எதையும் நீக்காதீர்கள். அந்த 4 எதிர்மறைக் கூற்றுகளின் மதிப்பெண்ணைத் திருப்பிப் போட்டீர்களா என்று முதலில் பாருங்கள். 6-இலிருந்து கழிக்க வேண்டும். 5 என்பது 1 ஆகும், 4 என்பது 2 ஆகும். திருப்ப மறந்திருந்தால் அந்தக் கூற்றுகளுக்கும் மொத்த மதிப்பெண்ணுக்கும் உள்ள ஒட்டுறவு (இரண்டும் சேர்ந்து ஏறி இறங்கும் அளவு) கழித்தல் குறியோடு நிற்கும். திருப்பிய பிறகும் கழித்தலிலோ பூஜ்யத்தை ஒட்டியோ நின்றால், கோளாறு கணக்கீட்டில் இல்லை, வாக்கியத்தில் இருக்கிறது.

பத்து வயதுக் குழந்தை "பயம் இல்லை" என்பதற்கு "மறுக்கிறேன்" என்று குறித்தால் பயம் உண்டு என்று பொருள். இந்த இரட்டை மறுப்பைப் பெரியவர்களே ஒரு நொடி நின்றுதான் அவிழ்ப்பார்கள். சிறு பிள்ளைகள் எதிர்மறைக் கூற்றுகளுக்குத் தலைகீழாகப் பதில் தருவதையும், வாசிப்புத்திறன் குறைந்தவர்களிடம் அது அதிகமாக இருப்பதையும் ஆய்வாளர் மார்ஷ் 1986-லேயே காட்டியிருக்கிறார். கவனியாமல் விட்டால் நீங்கள் அளப்பது பதற்றமாக இருக்காது, வாசிப்புத்திறனாக இருக்கும். அந்த வாசிப்புத்திறன் கணக்கு மதிப்பெண்ணோடும் தொடர்புடையது என்பதால் பொய்யான முடிவு ஒன்று வெகு அழகாக வந்து நிற்கும்.

ஆல்ஃபா பற்றி. 40 பேரில் கிடைத்த 0.52-க்கு 95% நம்பிக்கை எல்லை (உண்மை மதிப்பு இருக்கக்கூடிய இடைவெளி) சுமார் 0.25-இலிருந்து 0.7 வரை விரிகிறது. இவ்வளவு ஆடும் எண்ணைப் பார்த்துக் கூற்றுகளை வெட்டினால் அந்த 40 பேரின் தற்செயல் பதில்களுக்கு ஏற்ப அளவுகோலைச் செதுக்கியதாகும். 390 பேரிடம் போனதும் ஆல்ஃபா மறுபடி சரியும். இன்னொரு கெடுதல்: ஆல்ஃபாவைத் துரத்தினால் கடைசியில் ஒரே வாக்கியத்தை ஐந்து விதமாகச் சொல்லும் கூற்றுகள்தான் மிஞ்சும். எண் உயரும், அளக்கும் பரப்பு சுருங்கிவிடும்.

புதிதாக எழுதுவதைவிட, இருக்கும் கருவியைத் தமிழாக்குவது நல்லது. 1972-இல் ரிச்சர்ட்சனும் சுயினும் வெளியிட்ட மார்ஸ் என்ற கணக்குப் பதற்ற அளவுகோல் 98 கூற்றுகள் கொண்டது, குழந்தைகளுக்கு ஆகாது. 2003-இல் ஹாப்கோ குழுவினர் வெளியிட்ட அதன் சுருக்கவடிவமான அமாஸ் வெறும் 9 கூற்றுகள்தான். அதைப் பிரிட்டனில் 8 முதல் 13 வயதுக் குழந்தைகளுக்காக 2017-இல் மாற்றியமைத்தது எம்-அமாஸ். எதிர்மறைக் கூற்று ஒன்றுகூட இல்லை. "இந்தச் சூழலில் உனக்கு எவ்வளவு பதற்றம்?" என்று மட்டும் கேட்கும். கணக்கு கற்கும்போது வரும் பதற்றம், சோதிக்கப்படும்போது வரும் பதற்றம் என்று இரண்டு உட்பிரிவுகள். உங்கள் 12-இல் இந்த இரண்டும் கலந்திருக்கும் என்று நினைக்கிறேன். ஆல்ஃபா தாழ அதுவும் காரணமாகலாம். இரண்டுக்கும் தனித்தனியாகக் கணக்கிடுங்கள்.

வெண்பலகை பதில்:

தராசுமுள் சொன்னதை ஏற்கிறேன். ஆனால் தமிழாக்கத்தில்தான் பெரும்பாலான ஆய்வேடுகள் வழுக்குகின்றன. ஒருவர் தமிழாக்கி, மூலத்தைப் பாராத மற்றொருவர் திரும்ப ஆங்கிலமாக்கி, ஒப்பிட்டுப் பார்ப்பது பிரிஸ்லின் 1970-இல் வகுத்த முறை. அது தேவைதான், போதாது. "உடன்படுகிறேன்", "பதற்றம்" என்ற சொற்கள் திரும்ப ஆங்கிலமாகும்போது மிகச் சரியாக வரும். ஐந்தாம் வகுப்புப் பிள்ளைக்கு அவை புத்தகச் சொற்கள். "கணிதம்" வேண்டாம், "கணக்கு" போடுங்கள். "பதற்றம்" என்பதற்கு "படபடன்னு இருக்கும்" என்பது பல ஊர்களில் எடுபடும், உங்கள் பள்ளிகளில் எடுபடுமா என்று கேட்டுத்தான் தெரிந்துகொள்ள வேண்டும். எழுவாயையும் விட்டுவிடாதீர்கள். "கணக்கு பிடிக்கும்" என்றால் யாருக்கு? "எனக்கு" என்று எழுதுங்கள்.

"பயம்" என்ற சொல்லிடம் தனியாகக் கவனம் வேண்டும். நம் பேச்சில் அது அச்சத்தையும் குறிக்கும், மரியாதையையும் குறிக்கும். "டீச்சர்னா பயம் இருக்கணும்" என்று வீட்டில் கேட்டு வளரும் குழந்தை, "எனக்கு ஆசிரியரிடம் பயம்" என்ற கூற்றுக்கு 5 போடும்; நல்ல பிள்ளை என்று காட்டத்தான். அந்த 5-ஐ நீங்கள் மோசமான உறவு என்று எண்ணிவிடுவீர்கள். உறவு வினாநிரலில் இந்தச் சொல்லே வேண்டாம். "தெரியாததை ஆசிரியரிடம் கேட்க எனக்குத் தயக்கமாக இருக்கும்" என்பதுபோல நடத்தையைத் தொட்டுக் கேளுங்கள்.

இதைச் சோதிக்க 40 பேர் வேண்டாம், 6 முதல் 8 பேர் போதும். நன்றாக வாசிப்பவர், திணறுபவர் இருவகையும் இருக்கட்டும். ஒவ்வொருவரையும் தனியாக உட்கார வைத்து ஒரு கூற்றை வாசியுங்கள், "இது என்ன கேட்குது? உன் வார்த்தையில சொல்லு" என்று கேளுங்கள். பதில் குறித்ததும் "ஏன் இதைப் போட்டே?" இரண்டு பேர் ஒரே கூற்றில் தடுமாறினால் மாற்றி எழுதுங்கள், மாற்றியதை வேறு 3 பேரிடம் பாருங்கள்.

விடைப்புள்ளிகளுக்குச் சிரித்த முகம், அழுத முகம் படங்களைத் தவிர்க்கலாம். சிரித்த முகமே "சரியான விடை" என்று அதிலேயே குறிப்பார்கள். சிறிதிலிருந்து பெரிதாகும் ஐந்து வட்டங்கள் மேல். தொடங்கும் முன் இரண்டு பயிற்சிக் கேள்விகள் கொடுங்கள்: இடி இடித்தால் எவ்வளவு படபடப்பு, மாம்பழம் சாப்பிடும்போது எவ்வளவு. மாம்பழத்துக்குப் பெரிய வட்டம் போடுகிறவருக்கு இன்னும் புள்ளிமுறை விளங்கவில்லை.

நடத்தும் அன்று எல்லாக் கூற்றுகளையும் நீங்களே உரக்க வாசியுங்கள். வகுப்பாசிரியர் அறையில் இருக்கக் கூடாது. தாளை மாணவரே உறையில் போட்டு ஒட்டட்டும். காலாண்டுத் தேர்வுக்கு முந்தைய வாரமும், விடைத்தாள் கொடுக்கும் வாரமும் வேண்டாம்.

ஆண், பெண் ஒப்பீட்டில் அவசரம் வேண்டாம். கோட்ஸ் குழுவினர் 2013-இல் வெளியிட்ட ஆய்வில், "பொதுவாகக் கணக்கு என்றால் எப்படி?" என்று கேட்டபோது மாணவிகள் கூடுதல் பதற்றம் சொன்னார்கள். பாடமோ தேர்வோ நடக்கும் நேரத்திலேயே கேட்டபோது அந்த வேறுபாடு காணப்படவில்லை. பொதுக் கேள்வி, தன்னைப் பற்றிய நம்பிக்கையையும் சேர்த்து இழுத்துவருகிறது. முடியுமானால் கணக்கு வகுப்பின் நடுவில் "இப்போ எவ்வளவு?" என்று ஒற்றைக் கேள்வியை மூன்று வெவ்வேறு நாட்களில் கேட்டுச் சராசரி எடுங்கள். இல்லாவிட்டால் "மாணவிகளுக்குப் பதற்றம் அதிகம்" என்று எழுதாமல் "மாணவிகள் அதிகமாகத் தெரிவித்தனர்" என்று எழுதுங்கள்.

மூன்றாம்மணி பதில்:

உறவுப் பகுதிக்கு மட்டும் சொல்கிறேன்.

இருவரிடமும் கேளுங்கள், ஆனால் இரண்டையும் கூட்டி ஒரே எண்ணாக்காதீர்கள். ஆசிரியர் சொல்வதும் குழந்தை சொல்வதும் அவ்வளவாக ஒத்துப்போவதில்லை. இரண்டும் இருவேறு தகவல்கள். ஒரு காரணத்துக்காக ஆசிரியர் பதில் அவசியம்: பதற்றத்தையும் உறவையும் ஒரே குழந்தை, ஒரே நாளில், ஒரே தாளில் குறித்தால், அன்றைய மனநிலையே இரண்டுக்கும் நடுவில் ஒரு ஒட்டுறவை உண்டாக்கிவிடும்.

ஆசிரியர் நிரப்புவதற்குப் பியான்டாவின் ஆசிரியர்-மாணவர் உறவு அளவுகோல் இருக்கிறது. முழுவடிவம் 28 கூற்றுகள்: நெருக்கம், மோதல், சார்ந்திருத்தல். சுருக்கவடிவம் 15: நெருக்கம் 7, மோதல் 8. சுருக்கமே போதும், முதலாவதாக அது நீளம் குறைவு. இரண்டாவதாக, ஆசிரியரை ஒட்டிக்கொண்டே இருப்பதைக் குறையாகப் பார்ப்பது அமெரிக்கப் பார்வை. கிரேக்கப் பள்ளிகளில் சார்ந்திருத்தல் நெருக்கத்தோடு சேர்ந்தே உயர்ந்தது. ஒன்றை மறக்காதீர்கள்: அது சிறு குழந்தைகளை மனதில் வைத்து உருவானது, ஐந்தாம் வகுப்பு அதன் மேல்விளிம்பைத் தாண்டுகிறது. முன்னோட்டத்தில் நெருக்கக் கூற்றுகள் எல்லாம் 4, 5-இலேயே குவிகின்றனவா பாருங்கள்.

15 கூற்று, 30 குழந்தை என்றால் ஒரு ஆசிரியருக்கு 450 விடைகள். பாதியிலேயே கை தானாக ஒரே கட்டத்துக்குப் போகும். வகுப்புக்கு 8 பேரைக் குலுக்கல் முறையில் எடுங்கள், 120 விடைகள்தான். யாரை மதிப்பிடுவது என்று ஆசிரியரிடம் விடாதீர்கள், அவருக்கு முதலில் நினைவுக்கு வருபவர் மிக நல்ல பிள்ளையும் மிகக் குறும்புப் பிள்ளையும்தான்.

இப்போது எண்ணிக்கை. 390 என்பது 390 இல்லை. ஒரே வகுப்புப் பிள்ளைகள் ஒருவரையொருவர் ஒத்திருப்பார்கள். வகுப்பினுள் ஒட்டுறவு 0.10 என்று வையுங்கள், வடிவமைப்பு விளைவு (இந்த ஒத்திருத்தலால் மாதிரி எத்தனை மடங்கு சுருங்குகிறது என்பது) 1 + (30 − 1) × 0.10 = 3.9. 390-ஐ 3.9-ஆல் வகுத்தால் 100. தனித்தனியாக எடுத்த 100 பேரின் தகவல்தான் கையில் இருக்கிறது. இரு குழுக்களின் சராசரியை ஒப்பிடும் சாதாரண டி-சோதனை போட்டால் இல்லாத வேறுபாடும் "பொருளுடையது" என்று வரக்கூடும். மாணவர், வகுப்பு என்ற இரு நிலைகளையும் சேர்த்துப் பார்க்கும் பல்நிலைப் பகுப்பாய்வு தேவை, ஜமோவி என்ற புள்ளியியல் மென்பொருளில் இலவசமாகச் செய்யலாம். ஒவ்வொரு குழந்தையின் மதிப்பெண்ணிலிருந்தும் வகுப்புச் சராசரியைக் கழித்துப் போடுங்கள். அப்போதுதான் "அதே ஆசிரியரிடம் நெருக்கம் குறைந்த குழந்தைக்குப் பதற்றம் கூடுதலா" என்ற உங்கள் கேள்விக்கு விடை வரும். தாராளமாக 5 போடும் ஆசிரியர், கறாராக 3 போடும் ஆசிரியர் என்ற வேறுபாடும் அதோடு கழிந்துவிடும்.

ஆசிரியரின் சொந்தக் கணக்குப் பதற்றத்தையும் சேர்க்கலாமே என்று யாராவது சொல்லலாம். 2010-இல் பைலாக் குழுவினர் 17 ஆசிரியைகளை வைத்துச் செய்த ஆய்வு புகழ்பெற்றது. ஆண்டுத் தொடக்கத்தில் இல்லாத தொடர்பு, ஆண்டிறுதியில் மாணவிகளின் கணக்குத் தேர்ச்சியில் தெரிந்தது. ஆனால் அந்தக் கேள்விக்கு உங்கள் மாதிரி அளவு 13 ஆசிரியர்கள் மட்டுமே. தொடாதீர்கள்.

தாளில் பெயர் கூடாது, குறியீட்டு எண் மட்டும். பெயர்ப்பட்டியல் வேறு இடத்தில். "மோதல்" என்று ஆசிரியர் குறித்த தாள் தலைமையாசிரியர் மேசைக்குப் போனால் பாதிக்கப்படுவது அந்தக் குழந்தை. பெற்றோரின் எழுத்து ஒப்புதலோடு பிள்ளையின் வாய்மொழிச் சம்மதமும் வேண்டும்.

சுண்ணக்கட்டி:

மூவருக்கும் நன்றி. எம்-அமாஸைத் தமிழாக்குகிறேன். முன்னோட்டத்தில் எடுத்த 40 பேரின் தரவை இறுதித் தரவோடு சேர்த்துக்கொள்ளலாமா?

தராசுமுள்:

கூடாது. கூற்றும் புள்ளிமுறையும் மாறிவிட்டன. அந்த 40 பேரின் வகுப்புகள் 13-இல் இருந்தால் அவற்றை விட்டு வேறு வகுப்புகளை எடுங்கள், ஒருமுறை கேட்ட பிள்ளைக்கு இரண்டாம் முறை எது "நல்ல" விடை என்று தெரிந்திருக்கும். தமிழாக்கத்துக்கு மூல ஆய்வாளர்களிடம் இன்றே மின்னஞ்சலில் அனுமதி கேளுங்கள், வேறு யாராவது ஏற்கெனவே தமிழில் செய்திருக்கிறார்களா என்பதையும் அதே மடலில் கேட்டுவிடலாம்.