பழைய கணினியில் கர்னல் சுயசோதனை தோல்வி: உதவி தேவை

நண்பர்களுக்கு வணக்கம். ஏற்காட்டில் எங்கள் காபித் தோட்ட அலுவலகத்தில் உள்ள கோர் 2 டுவோ கணினியில் லினக்ஸ் இயங்குதளத்தின் மையப் பகுதியான கர்னலைப் புதுப்பித்து, அதனுடன் வரும் சுயசோதனைகளை ஓட்டிப் பார்த்தபோது, டைமர் பிரிவில் ‘இன்கன்சிஸ்டன்சி செக்’ என்ற ஒன்று மட்டும் தோற்கிறது. கோடுகளுக்கு நடுவே அது அச்சிட்டுக் காட்டும் இரண்டு நேரங்களில் பின்னது முன்னதைவிடக் குறைவாக இருக்கிறது. அதாவது, ஒருபோதும் பின்னோக்கிப் போகக் கூடாத மோனோடோனிக் கடிகாரம் பின்னோக்கிப் போகிறது. எடைப் பதிவேடு முழுவதும் இந்தக் கணினியில்தான் இருக்கிறது என்பதால் இதை என்னால் அப்படியே விட முடியவில்லை.

கணினியைப் புதிதாக இயக்கியவுடன் சோதனை தேறிவிடுகிறது. உறக்கநிலைக்குப் போய் மீண்ட பிறகே தோல்வி வருகிறது. டாஸ்க்செட் கட்டளை கொண்டு, செயலியின் இரண்டு கோர்களில் (கணிப்பு அலகுகளில்) ஒன்றில் மட்டும் ஓட்டினாலும், கர்னல் நேரம் அறியும் கடிகார மூலத்தை டிஎஸ்சியிலிருந்து (ஒவ்வொரு கோரிலும் உள்ள எண்ணி) ஹெச்பெட்டுக்கு (எல்லா கோர்களுக்கும் பொதுவான டைமர்) மாற்றினாலும் தோல்வி வருவதில்லை. ஆகவே, கணினி மீளும்போது இரண்டு கோர்களின் டிஎஸ்சி எண்ணிகளும் ஒன்றுக்கொன்று விலகிவிடுகின்றன என்று கருதுகிறேன். ஆனால் டிஎஸ்சியை நம்பத்தகாதது என்று கர்னல் ஒதுக்கியதற்கான வரி எதுவும் டிமெசேஜ் என்ற கர்னல் செய்திப் பதிவில் இல்லை. என்னைக் குழப்புவது இதுதான்.

முந்தைய கர்னலில் இச்சிக்கல் இல்லை. பைசெக்ட் செய்யலாம் (இரண்டு கர்னல்களுக்கும் இடைப்பட்ட மாற்றங்களைப் பாதி பாதியாகப் பிரித்துச் சோதித்து, சிக்கலைக் கொண்டுவந்த மாற்றத்தைக் கண்டுபிடிக்கலாம்) என்றால், இங்கே ஒருமுறை கம்பைல் செய்யவே அரை நாள் ஆகிறது. சேலத்தில் யாரிடமாவது இதே தலைமுறைக் கணினி இருந்தால், ஒருமுறை உறங்கவைத்து எழுப்பி, இச்சோதனையைப் பத்து தடவை ஓட்டி முடிவைத் தெரிவிக்க வேண்டுகிறேன்.