அலுமினியம்–எஃகு ஒட்டுப் பட்டை மூலையில் விட்டுப்போகிறது, யாராவது வழி சொல்லுங்கள்

வணக்கம் நண்பர்களே. கப்பல் யார்டில் வெல்டிங் சூப்பர்வைசராக இருக்கிறேன். எஃகுத் தளத்தின் மேல் அலுமினிய மேற்கட்டு ஏற்றும் வேலை. இரண்டையும் நேரடியாக வெல்டிங் செய்தால் நடுவில் எளிதில் நொறுங்கும் சேர்மம் உண்டாகிவிடும். அதனால் வெடிவைத்து ஒட்டிய பட்டையை இடையில் வைக்கிறோம்: கீழே எஃகு, நடுவில் சுத்த அலுமினியம், மேலே 5083 என்ற அலுமினிய அலாய்.

இந்தப் பட்டையை முதலில் பார்த்தபோது நம்பவே முடியவில்லை. தகட்டின் மேல் வெடிமருந்தைப் பரப்பி வெடிக்கிறார்கள். மேல் தகடு சாய்வாக வந்து மோதும்போது, இரு பரப்பிலும் இருக்கும் ஆக்சைடு படலம் தாரையாக வெளியே பீய்ச்சப்படுகிறது. சுத்தமான உலோகம் உலோகத்தோடு அப்படியே ஒட்டிக்கொள்கிறது. வெட்டுமுகத்தை மெருகேற்றிப் பார்த்தால் வரிசையாகக் குட்டி அலைகள்! கடல் வேலைக்குப் பொருத்தம்தான்.

சரி, பிரச்சினைக்கு வருகிறேன். ஒரு மூலையில் வெல்டிங் முடிந்தபின் அல்ட்ராசோனிக் சோதனை செய்தோம். சுமார் 40 மில்லிமீட்டர் நீளத்துக்கு ஒட்டு விட்டிருக்கிறது. ஒட்டுமுகம் (எஃகும் அலுமினியமும் ஒட்டியிருக்கும் பரப்பு) 300 டிகிரி செல்சியஸைத் தாண்டாமல் பார்த்துக்கொள்ளச் சொல்லியிருந்தேன். நேரான இடங்களில் ஒரு குறையும் இல்லை. மூலையில் இரண்டு பக்கமும் அடுத்தடுத்துப் போட்டதில் சூடு தேங்கியிருக்குமோ என்று சந்தேகம்.

அந்தத் துண்டை மட்டும் வெட்டி மாற்றினால் போதுமா, எவ்வளவு நீளம் தள்ளி வெட்டுவீர்கள்? புதுத் துண்டைச் சேர்க்கும் இடத்தில் ஒட்டுமுகத்தை வெல்டிங் செய்யாமல் விடவேண்டும் என்கிறார்கள். அந்த இடுக்கில் தண்ணீர் இறங்காமல் எதை வைத்து அடைக்கிறீர்கள்? அப்புறம், மூலையில் பட்டையை வளைப்பீர்களா, 45 டிகிரியில் வெட்டிச் சேர்ப்பீர்களா? செய்து பார்த்தவர்கள் சொன்னால் பெரிய உதவியாக இருக்கும்.