காட்டுத்தீ அணி ரேடியோ: அனுபவம் உள்ளவர்கள் வழி சொல்லுங்கள்

வணக்கம் நண்பர்களே. அமெரிக்காவில் காட்டுத்தீ அணைக்கும் அணி ஒன்றில் இந்த ஆண்டுதான் சேர்ந்தேன். ரேடியோ விஷயத்தில் உங்கள் உதவி வேண்டும்.

எனக்குப் புரிந்தது இதுதான். களத்தில் அருகருகே இருப்பவர்கள் டாக்டிக்கல் சேனலில் பேசுகிறோம். அதற்கு ரிப்பீட்டர் (குரலை வாங்கித் தொலைவுக்கு மறுபடி அனுப்பும் கருவி) கிடையாது; நடுவில் ஒரு மேடு வந்தாலே குரல் போய்விடும். கமாண்ட் சேனல் மலையுச்சி ரிப்பீட்டர் வழியாகப் போகிறது. விமானங்களோடு பேசத் தனிச் சேனல். அப்புறம், அவசரத்துக்கு 168.625 மெகாஹெர்ட்ஸில் ஏர் கார்ட் என்ற விமானச் சேனல், அதை அழைக்க 110.9 ஹெர்ட்ஸ் டோன் (குரலோடு சேர்ந்து போகும் மெல்லிய அடையாள ஒலி; அது சரியாக இருந்தால்தான் மறுமுனை நம் அழைப்பை ஏற்கும்). அன்றைய சேனல் பட்டியல் ஐ.சி.எஸ். 205 என்ற ரேடியோத் திட்டப் படிவத்தில் வந்துவிடும்.

போன வாரப் பயிற்சியில் ரிப்பீட்டரில் மற்றவர்கள் பேசியது எனக்குத் தெளிவாகக் கேட்டது. நான் அழைத்தால் மட்டும் பதிலே இல்லை. பத்து நிமிடம் கழித்துத்தான் தெரிந்தது, அனுப்பும் டோனைத் தவறாக வைத்திருக்கிறேன். கேட்கிறது என்பதாலேயே நம் குரலும் போகிறது என்று நம்பிவிட்டேன். உண்மையான தீயில் அந்தப் பத்து நிமிடம் ஒருவர் உயிராக இருக்கலாம். அன்றிலிருந்து மனசு சரியில்லை.

களத்துக்குள் நுழையும் முன் டோனை எப்படிச் சரிபார்க்கிறீர்கள்? பல சேனல்களை மாறி மாறிக் கேட்கும் ஸ்கேனில் போட்டால் கமாண்ட், டாக்டிக்கல் இரண்டிலும் ஒரே நேரத்தில் பேச்சு வந்து ஒன்றைத் தவறவிடுகிறேன். எதற்கு முன்னுரிமை கொடுப்பது? வேறு தீக்கு மாற்றும்போது பழைய சேனல்களை முழுவதும் அழித்துவிடுவீர்களா, தனித் தொகுப்பில் வைத்துக்கொள்வீர்களா? அடுத்த பயிற்சிக்கு முன்பே தெரிந்தால் நல்லது.