பவானி குடும்பம் குழு: புதன் இரவு

கவிதா: பெரியப்பா, அத்தை, எல்லோரும் பாருங்கள். ஞாயிறு கிரகப்பிரவேசத்துக்கு நான் செய்கிற கம்பளத்தில் வீட்டுப் பெயர் என்ன போடுவது? இன்று ராத்திரிக்குள் சொல்லுங்கள்

விக்கி: அக்கா, அந்தத் துப்பாக்கியிலா??

கவிதா: ஆமாம், டஃப்டிங் கன், துணியில் நூல் குத்துகிற கை மிஷின்

பெரியப்பா: ராமசாமி இல்லம்.

சுமதி அத்தை: எப்போது முடிவானது அண்ணா?

பெரியப்பா: அப்பா பெயர்தானே.

சுமதி அத்தை: முதல் தறி அம்மாவின் வளையலை விற்றுப் போட்டது. நாச்சம்மாள் இல்லம் என்று வைத்தால் என்ன

முருகேசன் மாமா: வேன் 3 மணிக்கா 4 மணிக்கா? டிரைவர் கேட்கிறார்

கவிதா: ஏன் அவசரப்படுத்துகிறேன் என்றால், துணியை மரச்சட்டத்தில் தம்பட்டம் மாதிரி விறைப்பாக இழுத்து மாட்டிப் பின்பக்கத்திலிருந்துதான் நூலைக் குத்துவோம், அதனால் எழுத்தைக் கண்ணாடியில் தெரிகிற மாதிரி திருப்பி வரைய வேண்டும். நூல் முன்பக்கம் வந்ததும் விரிந்துகொள்ளும், சின்னப் புள்ளி வைத்தால் பக்கத்து நிறம் மூடிவிடும். ராமசாமியில் புள்ளியே இல்லை, நாச்சம்மாளில் மூன்று. அதற்கு எழுத்தையே பெரிதாகப் போட்டு, ஒவ்வொரு புள்ளியைச் சுற்றியும் கத்தரி நுனியால் நூலைப் பிரித்துச் சீவ வேண்டும். குத்தியதைப் பிடுங்கி அதே இடத்தில் மறுபடி மறுபடி குத்தினால் துணி கிழியும்.

தீபா: நாச்சம்மாளா நாச்சாயம்மாளா? ரேஷன் கார்டில் வேறு மாதிரி இருந்ததே

சுமதி அத்தை: நாச்சம்மாள்

பெரியம்மா: பெயரைத் தரையில் போட்டு மிதிப்பதா கண்ணு?

சுமதி அத்தை: அதுவும் சரிதான்

கவிதா: சுவரில் மாட்டலாம் பெரியம்மா. பின்பக்கத் துணியின் மேல் ஓரத்தில் உறை மாதிரி தைத்துக் கம்பு செருகினால் போதும்

பெரியப்பா: ஜமக்காள ஊரில் மிஷின் கம்பளம். பாவு எங்கே, ஊடை எங்கே?

கவிதா: இது நெசவு இல்லை பெரியப்பா. பாவும் ஊடையும் அடித்துணியோடு சரி, அதன்மேல் நூல் குத்துவதுதான் இது. பின்னால் லேடெக்ஸ் பசை தடவாவிட்டால் இழுத்தால் கையோடு வந்துவிடும். ஆனால் இதுவும் வீட்டுப் பெண்களின் கைவேலையில் ஆரம்பித்ததுதான். அமெரிக்காவில் ஜார்ஜியா மாநிலத்து டால்டனில் கேத்தரின் எவான்ஸ் என்ற பெண் 1895-ல் 15 வயதில் ஒரு போர்வையில் கையால் நூல் குத்தினார், 1900-ல் ஒன்றை இரண்டரை டாலருக்கு விற்றார். ஊரே அந்த வேலையில் இறங்கி, இன்றைக்குக் கார்பெட் என்றாலே அந்த ஊர்தான். அப்புறம், கரைக்கு அப்பாரு போட்ட சிவப்பு, பச்சை, நீலப் பட்டைகளைத்தான் எடுத்திருக்கிறேன். பட்டைகளில் நூலை வெட்டாமல் வளையமாக விடுவேன், எழுத்தை மட்டும் நூலை வெட்டிப் புசுபுசுவென்று

பெரியப்பா: நீலத்துக்கும் பச்சைக்கும் நடுவே வெள்ளை விடுவார்.

கவிதா: எவ்வளவு அகலம்?

பெரியப்பா: ஒரு விரல். பழசு ஒன்று பரணில் இருக்கிறது, விக்கியைப் படம் எடுத்து அனுப்பச் சொல்கிறேன்.

சுமதி அத்தை: அந்த ஜமக்காளம் உங்களிடம்தான் இருக்கிறதா? காணோம் என்றீர்களே

விக்கி: 🙈

முருகேசன் மாமா: வேன்???

பெரியம்மா: சாமி படம் 4.30-க்கு உள்ளே போக வேண்டும். 3-க்கே வரச் சொல்லுங்கள்

தீபா: குழந்தையை வைத்துக்கொண்டு 3 மணிக்கா

கவிதா: நாளைக்குள் குத்தி முடித்தால் வெள்ளி பசை. இந்த மழை ஈரத்தில் ஒரு நாளாவது காய வேண்டும். சனிக்கிழமை பின்துணி ஒட்டி மேலே சமமாக வெட்டிவிடுவேன். பெயர் தெரியும்வரை கரையையும் கீழே ‘இல்லம்’ என்பதையும் குத்துகிறேன், மேலே இடம் விட்டுவைக்கிறேன்

சுமதி அத்தை: ஆறு எழுத்துக்கு இடம் விடு கண்ணு

பெரியப்பா: காலையில் பேசுகிறேன்.

முருகேசன் மாமா: வேன் மூன்றரை என்று சொல்லிவிட்டேன்