புழுதிவிதை: கதையில் முன்னமே போட்டுவைத்த விவரத்துக்கு ஒரு சொல்

கிளிநொச்சியிலிருந்து, முதல் மடல்

குழுவில் உள்ள எல்லோருக்கும் வணக்கம்.

ஒரு சொல் தேவைப்படுகிறது. எதற்கென்று சொல்கிறேன்.

சனிக்கிழமைகளில் தரம் 10, 11 பிள்ளைகளுக்குக் கணித வகுப்பு முடிந்ததும் பியூச்சராமா என்ற கார்ட்டூன் தொடரில் ஒரு பகுதி போட்டுக் காட்டுகிறேன். அதை உருவாக்கியவர்களில் ஒருவரான டேவிட் எக்ஸ். கோஹன் பௌதிகமும் கணினி அறிவியலும் படித்தவர். எழுதியவர்களில் கணிதத்தில் கலாநிதிப் பட்டம் பெற்றவரும் உண்டு. அதனால் சுவரில் தொங்கும் பலகையில்கூட ஒரு கணக்கு இருக்கும். பிள்ளைகள் நிறுத்தி நிறுத்திப் பார்க்கிறார்கள்.

தொடர் 1999 மார்ச் 28 அன்று தொடங்கியது. பீட்சா கொண்டுபோய்க் கொடுக்கும் பிரை என்ற பையன், 1999ஆம் ஆண்டின் கடைசி இரவில், ஆட்களை உறையவைக்கும் ஓர் இடத்துக்குப் போகிறான். புத்தாண்டு பிறக்கும் நேரம் கதிரையோடு பின்னால் சரிந்து உறைபெட்டிக்குள் விழுகிறான். ஆயிரம் வருடம் கழித்து எழும்புகிறான். பார்க்கிறவர்களுக்கு அது தற்செயல்.

அந்த முதல் பகுதியை இரண்டாம் முறை போட்டபோது பின்வாங்கில் இருந்த பிள்ளை ஒருத்தி, "மேசைக்குக் கீழ ஏதோ நிழல் தெரியுது ரீச்சர்" என்றாள். திருப்பிப் போட்டேன். இருந்தது, கண்ணிமைக்கும் நேரத்துக்கு. அது யாருடைய நிழல் என்பது 2003 ஏப்ரலில் வந்த பகுதியில்தான் தெரியும். பிரையின் தோழி லீலா வளர்க்கும் நிப்ளர் என்ற சின்னப் பிராணியின் நிழல் அது. பிரை தானாக விழவில்லை, நிப்ளர்தான் விழுத்தியது. அண்டத்தைக் காப்பாற்ற அவனால்தான் முடியும் என்று அதற்குத் தெரிந்திருந்தது. நான்கு வருடத்துக்கு முன் வரைந்த நிழலுக்கு அன்றைக்குத்தான் பொருள் கிடைத்தது.

இதற்கு என்ன பெயர்? குறிப்புத்தாளில் 'ஈஸ்டர் எக்' என்று, அதாவது கூர்ந்து பார்ப்பவர்களுக்காக ஒளித்துவைக்கும் வேடிக்கை விவரம் என்று, எழுதிவிட்டு அழித்தேன். அது வேறு சாதி. பெண்டர் என்ற ரோபோவுக்கு அவனைச் செய்த இயந்திரம் அனுப்பும் நத்தார் மடலில் 'மகன் எண் 1729' என்று இருக்கும். நிம்பஸ் என்ற விண்கப்பலின் பக்கத்திலும் அதே 1729. அது இராமானுஜன் ஹார்டிக்கு விளக்கிய எண். 1இன் கனமும் 12இன் கனமும் கூட்டினால் வரும், 9இன் கனமும் 10இன் கனமும் கூட்டினாலும் வரும். 2007இல் வந்த பியூச்சராமா படத்தில் ஒரு டாக்சியின் எண் 87539319. அதை இரண்டு கனங்களின் கூட்டலாக மூன்று விதமாக எழுதலாம். 255, 414 என்ற சோடியைப் பிள்ளைகள் கல்குலேற்றரோடு இருந்து தாங்களே பிடித்துவிட்டார்கள். மற்ற இரண்டும் 228, 423 மற்றும் 167, 436. அன்றைக்கு வீட்டுக்குப் போக மனமில்லாமல் போனார்கள்.

ஆனால் அந்த எண்ணை அழித்து வேறு எண்ணைப் போட்டாலும் கதை அப்படியேதான் இருக்கும். நிழல் அப்படியில்லை. அதை எடுத்துவிட்டால் 2003இல் வந்த பகுதிக்கு அடியில் ஒன்றும் இராது. இந்த இரண்டையும் ஒரே பெயரால் அழைத்தால் பிள்ளைக்கு வித்தியாசம் விளங்காது. என் பிள்ளைகளில் ஒருவன் இரண்டையுமே 'ஒளிச்சு வைச்சது' என்று கொப்பியில் எழுதியிருக்கிறான்.

சொல் தாருங்கள்.

மல்லாவியிலிருந்து

அக்கா, எனக்கு முதலில் தோன்றியது 'முன்னிழல்'. நீங்கள் சொன்ன விவரமே ஒரு நிழல் என்பதால் அழகாகவும் இருக்கிறது. ஆனால் foreshadow என்ற ஆங்கிலச் சொல்லின் இரண்டு பாதியையும் தனித்தனியே தமிழாக்கியதுபோல இருப்பதால் எனக்கே தயக்கம். நிழலாக இல்லாத விவரங்களுக்கு அது ஒட்டவும் மாட்டாது.

1729 மாதிரியானவற்றுக்கு 'ஒளிபொருள்' போதும் என்று நினைக்கிறேன். உங்கள் மாணவன் எழுதியதிலிருந்தே அது வருகிறது.

இன்னொன்று. பகுதிக்குப் பகுதி விவரங்கள் பொருந்தி வருவதற்கு எல்லோரும் 'தொடர்ச்சி' என்று எழுதுகிறார்கள். அது சரியில்லை. சென்ற இதழ்த் தொடர்ச்சி என்றால் மிச்சக் கதை என்றுதானே பொருள்? தமிழில் 'முன்னுக்குப்பின் முரண்' என்று ஏற்கெனவே சொல்கிறோம். அதற்கு எதிர்ச்சொல்லாக 'முன்பின் இயைவு' என்று வைத்தால் யாருக்கும் விளக்கம் தேவைப்படாது.

வவுனியாவிலிருந்து

ரீச்சருக்கும் தம்பிக்கும் வணக்கம். 'முன்பின் இயைவு' நல்ல சொல், அதை இன்றே ஏற்றுக்கொள்வோம்.

முதல் கேள்விக்குப் புதுச்சொல் எதற்கு? தொல்காப்பியத்திலேயே உள்ளுறை உண்டு, இறைச்சி என்ற குறிப்புப்பொருளும் உண்டு. பூவையும் வண்டையும் பாடிக்கொண்டே தலைவனின் நடத்தையைச் சொல்லிவிடுவது உள்ளுறை. வெளியே தெரிவதற்குள் வேறொன்றை வைப்பதற்கு இரண்டாயிரம் வருடப் பழக்கமுள்ள சொல் கையில் இருக்கும்போது நாம் ஏன் பட்டறை போட வேண்டும்? மானிப்பாயில் கிறீன் வைத்தியர் மருத்துவ நூல்களைத் தமிழாக்கிய காலத்திலிருந்து கலைச்சொல் வேலை செய்கிற நாடு இது. ஏட்டில் இருப்பதை முதலில் எடுக்க வேண்டும் என்பது என் கருத்து.

கிளிநொச்சியிலிருந்து, மறுமொழி

ஐயா, உள்ளுறையை நான் இரண்டு நாளாக மனத்தில் வைத்துப் புரட்டிப் பார்த்தேன். அதைத் தள்ளுவது எனக்குச் சுலபமாக இருக்கவில்லை.

உள்ளுறையில் மேற்பொருளும் உட்பொருளும் ஒரே பாட்டுக்குள், ஒரே நேரத்தில் இருக்கின்றன. பாட்டை வாசித்து முடிக்கும்போது இரண்டும் வாசிப்பவரின் கையில் இருக்கும். மேசைக்குக் கீழே தெரிந்த நிழலுக்கு 1999இல் உட்பொருள் எதுவும் இல்லை. எத்தனை கூர்மையாகப் பார்த்தாலும் அன்றைக்கு அது வெறும் நிழல். பொருள் பிறகுதான் வந்தது, வந்தபின் பின்னோக்கிப் பாய்ந்து பழைய காட்சியை மாற்றியது. ஆகவே நமக்கு வேண்டிய சொல்லில் காலம் இருக்க வேண்டும், காத்திருப்பு இருக்க வேண்டும். உள்ளுறையில் அது இல்லை. தொடரில் வரும் வேற்றுலக எழுத்துகளுக்கு வேண்டுமானால் அது பொருந்தும். அங்கே உட்பொருள் அதே சட்டகத்தில் இருக்கிறது, திறப்பு மட்டும்தான் வேண்டும். முதல் எழுத்துமுறையில் ஒரு குறிக்கு ஓர் ஆங்கில எழுத்து. இரண்டாவது முறையில் ஒவ்வொரு எழுத்தின் எண்ணையும் முன்னால் வந்த கூட்டலோடு சேர்த்து, 26ஆல் வகுத்து மீதியை எடுக்க வேண்டும். நாங்கள் 26க்குப் பதிலாக நம் முதலெழுத்து முப்பதை வைத்துச் செய்து பார்த்தோம், நன்றாகவே வேலை செய்கிறது.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். இன்னொரு சிக்கல் இருக்கிறது, அதுதான் என்னை அதிகம் யோசிக்க வைத்தது. முன்னமே போட்டுவைத்ததும் பிறகு ஒட்டுப்போட்டதும் வெளியே பார்க்க ஒன்றுபோல இருக்கும்.

பிரையின் நாய் சீமோரை எடுங்கள். 2002 நவம்பரில் வந்த பகுதியில், பிரை உறைந்துபோன பிறகு அந்த நாய் கடை வாசலில் பன்னிரண்டு வருடம் அவனுக்காகக் காத்திருந்து கண்ணை மூடுகிறது. வகுப்பில் ஒருவரும் பேசவில்லை. தங்களுடைய ஆட்களை எதிர்பார்த்துக்கொண்டிருக்கும் வீடுகளிலிருந்து வரும் பிள்ளைகளும் அங்கே இருந்தார்கள். அதனால் அன்று நான் ஒன்றையும் விளக்கவில்லை. 2007 படத்தில், காலம் கடந்து திரும்பிப் போன இன்னொரு பிரை அந்த வருடங்களில் நாயோடு இருந்தான் என்று வருகிறது. அடுத்த சனிக்கிழமை அதைப் பார்த்ததும் பிள்ளைகளுக்கு ஆறுதல். ஆனால் ஒருத்தி கேட்டாள்: "இது முதலே யோசிச்சு வைச்சதா, பிறகு மாத்தினதா?"

அந்தக் கேள்விக்கு விடை சொல்ல ஒரே வழிதான் இருக்கிறது என்று நினைக்கிறேன். பழைய பகுதிக்குத் திரும்பிப் போய்ப் பார்க்க வேண்டும். அங்கே சாட்சி இருக்கிறதா? நிழலுக்கு இருக்கிறது, 1999இலேயே வரைந்திருக்கிறார்கள். லீலாவின் தாய் தகப்பனுக்கும் இருக்கிறது. அவள் வேற்றுலக அநாதை என்று எல்லோரும் நம்பிக்கொண்டிருந்த 1999இல், சாக்கடைக்குள் வாழும் கூட்டத்தின் நடுவே அவர்கள் இருவரும் ஒரு கணம் நிற்பார்கள். யார் என்பது 2002இல்தான் சொல்லப்படும். சீமோருக்கு அப்படி ஒரு சாட்சியும் 2002 பகுதியில் இல்லை. ஆகவே அது ஒட்டு. நல்ல ஒட்டு, எனக்குப் பிடித்த ஒட்டு, ஆனாலும் ஒட்டுத்தான். சைக்கிள் ரியூபுக்குப் போடுவதைப் போலக் கிழிந்த இடத்தில் பிறகு போட்டது. 'பின்னொட்டு' என்பதை இலக்கணம் எடுத்துக்கொண்டுவிட்டதால் இதற்கு 'பின்னாள் ஒட்டு' என்று வைக்கலாமா?

இதை வகுப்பில் இப்படிப் பிரித்துச் சொல்லிக்கொண்டிருந்தபோது, தகப்பனோடு வயலுக்குப் போய்ப் பழகிய ஒரு பையன் சொன்னான்: "அப்ப அந்த நிழல் புழுதியில விதைச்ச மாதிரி ரீச்சர். மழை வரேக்கதான் தெரியும்."

எனக்கு வேறு சொல் தேடத் தோன்றவில்லை. புழுதிவிதை. என்ன சொல்கிறீர்கள்?

ஒட்டுசுட்டானிலிருந்து

நான் விவசாயப் போதனாசிரியராக இருந்து ஓய்வுபெற்றவன். கார்ட்டூன் பார்த்ததில்லை, இந்தக் குழுவில் இதுவரை எழுதியதும் இல்லை. இந்தச் சொல்லுக்காக எழுதுகிறேன்.

புழுதி விதைப்பு என்னவென்று தெரியாதவர்களுக்காக: காலபோகத்துக்கு (பெரும்போகத்துக்கு) முதல் மழைக்கு முன்னமே நிலத்தை உலர்வாக உழுது, புழுதியிலேயே நெல்லை வீசி மறைத்துவிடுவோம். அன்றைக்கு வயலைப் பார்ப்பவருக்கு அது வெறும் மண். விதைத்தவனுக்கு மட்டும்தான் உள்ளே என்ன கிடக்கிறது என்று தெரியும். ஐப்பசி மழை விழுந்ததும் ஒரு கிழமையில் பச்சை தெரியும். சேற்று விதைப்பில் இப்படி இல்லை. அங்கே முளைகட்டிய விதை போடுகிறோம், உடனே கண்ணுக்குத் தெரியும். ஆகவே வெறும் 'விதை' என்று வைக்காமல் புழுதியைச் சேர்த்தது சரி. அந்தப் பிள்ளைக்கு என் வாழ்த்தைச் சொல்லுங்கள்.

ஒன்றையும் மறக்க வேண்டாம். புழுதி விதைப்பில் பயம் உண்டு. எறும்பு தின்னும், குருவி பொறுக்கும். ஒரு சாறல் விழுந்து முளை வந்து, பிறகு மழை தள்ளிப்போனால் முளை கருகும். உங்கள் கதைகளிலும் அப்படி முளைக்காமல் போனவை இருக்கும் அல்லவா? அவற்றுக்கும் சொல் வேண்டும்.

வவுனியாவிலிருந்து, இரண்டாவது மடல்

காலம் பற்றி ரீச்சர் சொன்னதை ஏற்கிறேன். உள்ளுறையைத் திரும்பப் பெற்றுக்கொள்கிறேன், வேற்றுலக எழுத்துக்கு அதை வைத்துக்கொள்ளுங்கள்.

ஆனால் கொழும்பில் வளர்ந்த பிள்ளைக்கும் கனடாவில் பிறந்த பிள்ளைக்கும் புழுதி விதைப்பு தெரியாது. 'முன்விதை' என்றால் வயல் காணாதவனுக்கும் விளங்கும். கலைச்சொல் ஓர் ஊருக்கு மட்டும் உரியதாக இருக்கக் கூடாது என்பதைச் சொல்லி வைக்கிறேன்.

கிளிநொச்சியிலிருந்து, முடிவு மடல்

ஐயா சொன்னதை இந்தக் கிழமை வகுப்பில் வைத்துச் சோதித்தேன். இரண்டு சொல்லையும் பலகையில் எழுதி, எந்த விளக்கமும் கொடுக்காமல், தொடரிலிருந்து உதாரணம் எழுதச் சொன்னேன். 'முன்விதை' என்பதற்குக் கீழே பாதிப்பேர் கதையின் தொடக்கத்தை எழுதினார்கள், பிரை உறைந்ததே முன்விதை என்று. அது பிழையென்று சொல்ல முடியாது, சொல் அப்படித்தான் கேட்கிறது. 'புழுதிவிதை'க்குக் கீழே நிழல், லீலாவின் பெற்றோர் என்று வந்தன. ஒரு பிள்ளை மூளை அலையையும் எழுதியிருந்தாள். பிரைக்கு ஒரு மூளை அலை குறைவு என்று 2001 தொடக்கத்தில் வந்த பகுதியில் சொல்லிவிடுகிறார்கள். ஏன் குறைவு என்பது அதற்குப் பிறகு வருவது. அது விதையா ஒட்டா என்று வகுப்பில் இன்னும் சண்டை நடக்கிறது. நான் ஒட்டு என்ற பக்கம், ஏனென்றால் 2001 பகுதியில் குறைபாடு இருக்கிறதே தவிரக் காரணத்துக்கான சாட்சி இல்லை.

வகுப்பில் எல்லோரும் வயற்காரப் பிள்ளைகள் இல்லை. டவுனில் கடை வைத்திருப்பவர்களின் பிள்ளைகளும் இருக்கிறார்கள். ஒரு வசனத்தில் விளங்கப்படுத்தியதும் அவர்களுக்கும் பிடிபட்டது. கனடாப் பிள்ளைக்கும் அந்த ஒரு வசனம் போதும் என்று நம்புகிறேன், ஐயா. 'முன்விதை'க்கும் விளக்கம் தேவைப்படத்தான் செய்தது.

ஒட்டுசுட்டான் ஐயாவுக்கு: முளைக்காமல் போனதற்குக் 'கருகல்' என்று உங்கள் வாயிலிருந்தே எடுத்துக்கொண்டேன். நீங்கள் சொன்ன பயம் இந்தத் தொடருக்கு உண்மையிலேயே இருந்தது. நிழலின் பொருள் சொல்லப்பட்டது 2003 ஏப்ரலில். அந்த ஆண்டு ஓகஸ்ட்டோடு தொலைக்காட்சி நிறுவனம் தொடரை நிறுத்திவிட்டது. படங்களாகத் திரும்பி வர 2007 ஆயிற்று. நான்கைந்து மாதம் பிந்தியிருந்தால் அந்த விதை புழுதியிலேயே கிடந்திருக்கும், மேசைக்குக் கீழே ஏதோ கறுப்பாக இருந்தது என்பதோடு முடிந்திருக்கும்.

குறிப்புத்தாளை இப்படி அச்சடிக்கிறேன்: புழுதிவிதை, கருகல், பின்னாள் ஒட்டு, ஒளிபொருள், முன்பின் இயைவு. 'பின்னாள் ஒட்டு' மட்டும் எனக்கு இன்னும் வாயில் இலகுவாக வரவில்லை. வெள்ளிக்கிழமைக்குள் யாராவது அதைவிடச் சின்னதாக ஒன்று தந்தால் மாற்றிவிடுவேன்.