டெல்லி குளிருக்கு ரெண்டு கிரீம் வாங்கிட்டு லேபிள் படிச்சு மண்டை காயுது

குளிர்ல_கும்பகோணம்:
மயூர் விஹார் வந்து இது ரெண்டாவது குளிர்காலம். ஜனவரி பொறந்ததும் கன்னம் ரெண்டும் வெள்ளை வெள்ளையா உரியுது, ராத்திரி ஹீட்டர் போட்டுட்டுத் தூங்கி எழுந்தா மூஞ்சி இழுத்துப் பிடிச்ச மாதிரி இருக்கு. அம்மா குடுத்தனுப்புன தேங்காயெண்ணெய் பாட்டில்ல கல்லா உறைஞ்சு கெடக்கு. சரின்னு ரெண்டு கிரீம் வாங்கினேன், ஒண்ணு 320 ரூபா, இன்னொண்ணு 1,150. ரெண்டுலயும் மொதல்ல தண்ணி, அப்புறம் கிளிசரின், அப்புறம் செட்டியரில் ஆல்கஹால். 1,150 ரூபா டப்பா முன்னாடி செராமைடுன்னு (தோல்லயே இருக்கிற ஒரு கொழுப்பாம்) கொட்டை எழுத்துல போட்டிருக்கான், பின்னாடி தேடுனா ஃபீனாக்ஸிஎத்தனாலுக்கும் கீழ கெடக்கு. ஏமாந்துட்டேனா? ஆல்கஹால் வேற இருக்கே, இன்னும் காயாதா?

நொய்டா_லேப்காரன்:
கிரீம் ஃபார்முலா போடுறதுதான் நமக்கு பொழப்பு. லேபிள்ல அளவு ஜாஸ்தியானது மொதல்ல வரும், ஆனா 1 சதவீதத்துக்குக் கீழ இருக்கிறத எந்த வரிசையில வேணா போடலாம். ஃபீனாக்ஸிஎத்தனால் கெடாம இருக்கப் போடுறது, ஐரோப்பாவுல அதுக்கு 1 சதவீதம்தான் உச்சவரம்பு, இங்கயும் கிட்டத்தட்ட அவ்ளோதான் போடுவாங்க. அதனால அதுக்குக் கீழ இருக்கிறதெல்லாம் சொட்டு கணக்குன்னு வெச்சுக்கோங்க. செராமைடு கொஞ்சமா இருந்தாலும் பரவால்ல, பொதுவா அது அப்படித்தான் போடுறது. நியாசினமைடு (வைட்டமின் பி3 வகை) அங்க கெடந்தாத்தான் கடுப்பாகணும், அது 2லேந்து 5 சதவீதமாவது வேணும். செட்டியரில் ஆல்கஹால் பேருலதான் ஆல்கஹால், கையில எடுத்தா மெழுகு மாதிரி இருக்கும், தோலை மெத்துன்னு ஆக்கும். காய வைக்கிறது ஆல்கஹால் டீநேச்சர்ட்னு போட்டிருப்பாங்களே, அது.

ஆர்கேபுரம்_அக்கா:
தம்பி சொல்றது சரி, ஆனா விஷயம் இன்னொண்ணு இருக்கும்மா. கிளிசரின் தண்ணிய இழுத்து வெச்சுக்கும், மேல மூடி போட ஆள் இல்லேன்னா இந்த ஹீட்டர் காத்துல அதுவும் போயிடும். பெட்ரோலாட்டம், டைமெத்திகோன் (ஒரு வகை சிலிகோன்) இதுல ஏதாவது மேல் வரிசையில இருக்கான்னு பாரு. நம்ம வெள்ளை வாஸ்லின் இருக்கே, அதான் பெட்ரோலாட்டம், அதுக்கு ஈடா ஆவியாகுறதத் தடுக்கிற பொருள் ரொம்ப கம்மி. குளிச்சிட்டு துவட்டுன ஈரம் காயறதுக்குள்ள தடவு, கீஸர் தண்ணிய கொதிக்கக் கொதிக்க ஊத்திக்காத. (என் வீட்டுக்காரர் கேக்கவே மாட்டார், முதுகெல்லாம் சொறிஞ்சுக்கிட்டே திரிவார்.)

குளிர்ல_கும்பகோணம்:
அக்கா இப்பதான் டார்ச் அடிச்சுப் பாத்தேன்! 320 ரூபா டப்பாவுலதான் பெட்ரோலாட்டம் நாலாவதா இருக்கு, ஆனா கடைசியில பர்ஃப்யூம்னு இருக்கு. 1,150ல வாசனையும் இல்ல, பெட்ரோலாட்டமும் இல்ல, டைமெத்திகோன் மட்டும் நடுவுல இருக்கு.

நொய்டா_லேப்காரன்:
உரிஞ்ச தோல்ல வாசனை எரியும், சிலருக்கு அலர்ஜியும் ஆகும். 320ஐ கை காலுக்கு வெச்சுக்கோங்க. மூஞ்சிக்கு மத்தது, மேல துளியூண்டு வாஸ்லின், பரு வர்ற தோல்னா உரியற இடத்துல மட்டும். எதுவானாலும் மொதல்ல முழங்கை மடிப்புல ஒரு வாரம் தடவிப் பாத்துட்டு மூஞ்சிக்குப் போங்க. குதிகால் வெடிச்சிருந்தா யூரியா 10 சதவீதம் இருக்கிற கிரீம் தனியா வாங்குங்க, வெடிப்புல ரத்தம் வந்தா அது எரியும், ஆறுனப்புறம் போடுங்க.

ஆர்கேபுரம்_அக்கா:
அந்த எண்ணெய் பாட்டில வெந்நீர் பக்கெட்ல அஞ்சு நிமிஷம் போடு, உருகிடும். தலைக்கு வெச்சுக்கோ, அம்மா போன்ல கேப்பாங்கல்ல.